கேபிள் இல்லாத வீட்டு இணையத்தில் ஓடிடி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

செல்போன் டவரிலிருந்து 4ஜி அல்லது 5ஜி சிக்னலைப் பிடித்து, அதை வீட்டுக்குள் வைஃபையாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளம் தோண்ட வேண்டாம், ஃபைபர் இழுக்க வேண்டாம், பிளக்கில் சொருகினால் போதும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் மெயில் பார்க்கவும் செய்தி படிக்கவும் தாராளமாக இருந்த அதே இணைப்பு, ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து படம் போட்டதும் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். உடனே சிலர் டிவியை மாற்றுவார்கள், சிலர் பெரிய பிளானுக்குப் போவார்கள். பல வீடுகளில் இரண்டுமே வீண் செலவு.

இந்த வகை இணைப்பில் படம் உங்கள் டிவிக்கு வந்து சேர இரண்டு முறை காற்றில் பயணிக்கிறது. டவரிலிருந்து பெட்டிக்கு ஒரு பயணம், பெட்டியிலிருந்து டிவிக்கு இன்னொன்று. ஃபைபர் வந்த வீட்டில் இரண்டாவது மட்டும்தான் உண்டு. கோளாறு எந்தப் பயணத்தில் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான். கீழே வரும் எல்லாவற்றையும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தோடு படியுங்கள்.

வேகம் எவ்வளவு வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் அளவுகள்: 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு), அதைவிடத் தெளிவான 1080பிக்கு 5, எல்லாவற்றையும்விடத் தெளிவான 4கேவுக்கு 15. யூடியூப் 4கேவுக்கு 20 என்கிறது. ஒரு டிவியில் 4கே படம், இன்னொரு அறையில் ஒருவர் எச்டியில் பார்ப்பது, இரண்டு மூன்று போன்கள் என்று வைத்துக்கொண்டாலும் 40 முதல் 50 எம்பிபிஎஸ் தாங்கும். 300, 500 என்று பிளானில் எழுதியிருக்கும் எண்ணுக்காக மேலே காசு கொடுக்கும் முன் இதை யோசித்துப் பாருங்கள்.

அந்த எண்ணைவிட முக்கியம், வேகம் நிலையாக வருகிறதா என்பது. சாயங்காலம் முழுக்க 25 எம்பிபிஎஸ் விடாமல் வரும் வீட்டில் படம் தடையில்லாமல் ஓடும். ஒரு நிமிஷம் 200, அடுத்த நிமிஷம் 1 என்று ஆடும் வீட்டில் ஓடாது. காரணம் ஓடிடி வேலை செய்யும் விதம். படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். உங்கள் டிவியில் உள்ள ஆப், முந்தைய துண்டு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்யும். இணையத்தில் வீடியோ அனுப்பும் முறைகளான, ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டேஷ் இரண்டும் இப்படித்தான் இயங்குகின்றன. படம் தொடங்கிய முதல் சில விநாடி மங்கலாக இருந்து பிறகு தெளிவாவது இதனால்தான். அது பழுது இல்லை, அதற்காக எதையும் நோண்ட வேண்டாம்.

ஆப் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும். மாடித் தொட்டி நிரம்பியிருந்தால் தெருக்குழாயில் சற்று நேரம் தண்ணீர் நின்றாலும் வீட்டுக்குள் தெரியாது அல்லவா, அதுபோல. அந்தச் சேமிப்பு காலியானால்தான் வட்டம் சுற்றும். நேரலை விளையாட்டில் தொல்லை அதிகமாகத் தெரிவதன் காரணமும் இதுதான். இன்னும் நடக்காத ஆட்டத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது, ஆகவே சேமிப்பு சின்னது. படம் நன்றாக ஓடுகிறது, மேட்ச் மட்டும் திக்கித் திக்கி வருகிறது என்றால் டவர் பக்கத்தில் வேகம் அவ்வப்போது விழுகிறது என்று சந்தேகப்படலாம். சேமிப்புக்காகவே நேரலை சில விநாடிகள் பிந்தி வருகிறது. போனில் ஸ்கோர் அறிவிப்பு முதலில் வந்துவிடும். ஆட்டம் பார்க்கும்போது அதை அணைத்து வைப்பது நல்லது.

வேகத்தைப் பற்றி ஒரு சின்ன குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இணைய வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் ஒரு பைட். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு கோப்பை இறக்கினால் விநாடிக்கு 5 எம்பி (மெகாபைட்) என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது

விளம்பரப் படங்களில் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் பூச்சாடியோடு அழகாக நிற்கும். நிஜத்தில் அது பெரும்பாலும் ஜன்னல் திட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும். மொத்த வேலையில் அதிகப் பலன் தரும் படி இதுதான், அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சேவை நிறுவனத்தின் ஆப் சிலவற்றில் பெட்டியை எந்தச் சுவர் பக்கம் வைக்கலாம் என்றே காட்டும். இல்லாவிட்டால் வீட்டின் நான்கு பக்க ஜன்னல்களிலும் வைத்துப் பார்ப்பதுதான் வழி. மாடி இருந்தால் மாடி நல்லது. ஒவ்வொரு இடத்திலும் பெட்டி டவரோடு ஒட்டிக்கொள்ள சில நிமிஷம் கொடுங்கள். வைத்த உடனே பார்க்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

எந்த எண்ணைப் பார்ப்பது? பெட்டியின் முகப்பில் எரியும் கோடுகள் தோராயமானவை. பெட்டியின் நிர்வாகப் பக்கத்திலோ (பிரவுசரில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கம்) நிறுவனத்தின் ஆப்பிலோ ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு இருக்கும். முதலாவது சிக்னலின் பலம். அது எப்போதும் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110க்குக் கீழே போனால் தொல்லைதான். இரண்டாவது, இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. 20க்கு மேல் இருந்தால் கவலையே வேண்டாம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் கஷ்டம். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இரண்டாவதைப் பார்ப்பேன். பலமான சிக்னல், ஆனால் பக்கத்து டவர்களின் இரைச்சல் அதிகம் என்ற இடத்தைவிட, பலம் கொஞ்சம் குறைந்து தெளிவாகக் கேட்கும் இடத்தில் படம் நிம்மதியாக ஓடும்.

சிக்னலைக் கெடுப்பவை: கான்கிரீட் சுவர், இரும்புக் கிராதி, ஃபிரிட்ஜ், பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி. இவற்றைப் பலரும் யோசித்துவிடுவார்கள். யோசிக்காமல் விடுவது ஜன்னல் கண்ணாடியை. வெப்பம் உள்ளே வராமலிருக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடிகள் இருக்கின்றன. அவை ரேடியோ அலையையும் நன்றாகவே தடுக்கும். அப்படிப்பட்ட ஜன்னலுக்குப் பின்னால் வைத்த பெட்டியைவிட, சாதாரணச் சுவருக்குப் பின்னால் வைத்தது நன்றாக வேலை செய்யும் வீடுகளும் உண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டு ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை எண்ணைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

உங்கள் பகுதியில் எந்த அலைவரிசையில் சேவை வருகிறது என்பதும் இதில் சேரும். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகள் சுவரைத் தாண்டி நெடுந்தூரம் வரும், ஆனால் வேகம் குறைவு. 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் உள்ளவை வேகத்துக்கும் தூரத்துக்கும் நடுவில் நிற்பவை, 5ஜி வீட்டு இணையத்தின் பெரும்பகுதி இந்த ரகம்தான். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மில்லிமீட்டர் அலைகள் அசுர வேகம் தரும், ஆனால் குறுக்கே ஒரு மரம் இருந்தாலும் தடுமாறும். கடைசி ரகம் என்றால் பெட்டியோ ஆண்டெனாவோ வீட்டுக்கு வெளியே, டவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

சரி, டவர் சிக்னலுக்கு நல்ல இடம் ஒரு மூலையில், டிவி இருப்பது எதிர் மூலையில். எதை விட்டுக்கொடுப்பது? என் பதிலில் சந்தேகமே இல்லை: பெட்டி டவருக்கு நல்ல இடத்தில்தான் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து டிவி வரையிலான குறையை கேபிளாலோ இன்னொரு ரூட்டராலோ சரிசெய்துவிடலாம். டவரிலிருந்து நல்லபடியாக வந்து சேராத சிக்னலை வீட்டுக்குள் எந்தக் கருவியாலும் நல்லதாக்க முடியாது.

இன்னும் ஒன்று. ஜன்னலில் வைக்கும்போது நேர் வெயில் படாமல் பாருங்கள். 5ஜி பெட்டிகள் நன்றாகவே சூடாகும், அளவுக்கு மேல் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது தானே அணைந்து எழும். மத்தியானம் மட்டும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து டிவி வரை

முடிந்தால் லேன் கேபிள் போட்டுவிடுங்கள். இரண்டு பயணங்களில் ஒன்றையே இல்லாமல் ஆக்கிவிடுகிறீர்கள், அதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸுக்கு மேல் போகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். தகவல் உண்மைதான், ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி 4கே படத்துக்கே 20 போதும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேபிள் இழுக்க வழியில்லை என்றால் வைஃபை. பெட்டி இரண்டு அல்லது மூன்று அலைவரிசைகளில் வைஃபை தரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரமாகப் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் மிகுந்த சாலை அது. பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் படம் நிற்கிறதா? டிவி 2.4-இல் இருக்கிறது என்று அர்த்தம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, குறைந்த தூரம்தான் போகும். 6 கிகாஹெர்ட்ஸ், வைஃபை 6இ மற்றும் 7 கருவிகளில் மட்டும் இருக்கும். இன்னும் குறைந்த தூரம். டிவிக்கு 5தான் பொருத்தம், நடுவில் இரண்டு சுவருக்கு மேல் இருந்தால் மட்டும் 2.4.

பல பெட்டிகள் எல்லா அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும், எதில் சேர்வது என்பதை டிவியே முடிவு செய்யும். டிவிகள் இதில் அவ்வளவு புத்திசாலிகள் இல்லை, ஒருமுறை 2.4-இல் ஒட்டிக்கொண்டால் விடாது. நிர்வாகப் பக்கத்தில் போய் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்து, டிவியை அதில் மட்டும் சேருங்கள். சில பெட்டிகளில் இப்படிப் பிரிக்க விடமாட்டார்கள். அப்போது டிவியையும் பெட்டியையும் அணைத்து, முதலில் பெட்டி முழுதாக எழுந்த பிறகு டிவியைப் போட்டுப் பாருங்கள்.

வீடு பெரிது என்றால் மெஷ் ரூட்டர் வாங்கலாம், அதாவது ஒரு முதன்மைப் பெட்டியும் துணைப் பெட்டிகளும் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் அமைப்பு. துணைப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் வைத்தால் அது எதைப் பிடித்துத் தரும்? இரண்டுக்கும் நடுவழியில், இன்னும் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். மெஷ் போட்டபின் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் ஒன்றிலும் டிவி இன்னொன்றிலும் இருக்கும், ஒன்றுக்கொன்று கண்ணில் படாது.

டிவியா, ஸ்டிக்கா, போனா

ஸ்மார்ட் டிவி இருந்தால் அதில் உள்ள ஆப்களையே பயன்படுத்திப் பாருங்கள். ஓடினால் வேறெதுவும் வாங்க வேண்டாம். டிவியின் திரை பத்து வருஷம் உழைக்கும், அதன் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆப்கள் திறக்கவே நேரமெடுக்கிறது, புதுப் பதிப்பு வருவதில்லை என்ற நிலை வந்தால், டிவியை மாற்றாமல், ஓடிடி ஆப்கள் ஓடும் ஒரு ஸ்டிக்கையோ சின்னப் பெட்டியையோ டிவியின் எச்டிஎம்ஐ துளையில் சொருகுங்கள். ரோக்கு, அமேசான் ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆப்பிள் டிவி என்று பல உண்டு. நீங்கள் சந்தா கட்டியிருக்கும் சேவைகளின் ஆப் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், மற்றபடி இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே தொழில்நுட்பக் கேள்வி, ஏவி1 ஆதரவு உண்டா என்பதுதான். 2018-இல் வெளியான இந்த வீடியோ சுருக்கும் முறை, பழைய எச்.264-ஐவிடக் குறைவான டேட்டாவில் அதே தரத்தைத் தரும். யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் இதைப் பயன்படுத்துகின்றன. காற்றில் வரும், டேட்டாவுக்கு அளவு கட்டிய இணைப்பில் இருப்பவர்களுக்கு இது உபயோகமான விஷயம்.

ஸ்டிக் மாட்டும்போது இரண்டு விஷயம். அதற்கான மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்த மின்சாரம் போதாது, ஸ்டிக் நடுவில் அணைந்து எழும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். அடுத்தது, ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வைஃபைக்கும் அதற்கும் நடுவில் டிவியே சுவராக நிற்கும். சிலவற்றோடு ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் வரும். யாரும் அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. எடுத்து மாட்டி, ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தொங்கவிட்டாலே சிக்னல் கூடும்.

4கே வரவில்லை என்ற புகாருக்கும் பாதி நேரம் இணையம் காரணமாக இருக்காது. 4கே வர நாலு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: டிவி 4கேவாக இருக்க வேண்டும், சந்தா 4கே தரும் வகையாக இருக்க வேண்டும், பார்க்கும் படமே 4கேயில் இருக்க வேண்டும், ஸ்டிக் சொருகிய எச்டிஎம்ஐ துளை எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். கொஞ்சம் பழைய 4கே டிவிகள் சிலவற்றில் எல்லாத் துளைகளும் அதை ஏற்காது. வேறு துளையில் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்புவதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. காஸ்ட் என்றால், எந்தப் படம் என்ற முகவரியை மட்டும் போன் டிவிக்குக் கொடுக்கும். டிவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போனை எடுத்துக்கொண்டு நீங்கள் கடைக்குப் போனாலும் படம் ஓடும். மிரரிங் என்றால் போனின் திரையையே நொடிக்கு நொடி வைஃபை வழியாக டிவிக்கு அனுப்புவது. ஒரே படம் உங்கள் வைஃபையில் இரண்டு தடவை பயணிக்கும், தரமும் குறையும், போன் பேட்டரியும் தீரும். காஸ்ட் குறி உள்ள ஆப்பில் மிரரிங் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

காஸ்ட் செய்யப் போனால் டிவி பெயரே காட்டவில்லையா? போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா, விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் இல்லை என்றால், ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் அமைப்பு பெட்டியில் இயக்கப்பட்டிருக்கலாம். நிர்வாகப் பக்கத்தில் ஐசொலேஷன் என்ற சொல்லைத் தேடி அணையுங்கள்.

உள்நுழையும்போது ரிமோட்டில் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக அழுத்த வேண்டியதில்லை. டிவியில் ஒரு குறியீடோ கியூஆர் படமோ வரும், அதைப் போனில் கொடுத்தால் முடிந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. டிவியில் காட்டும் முகவரியை நேராக பிரவுசரின் மேல்பட்டையில் தட்டச்சு செய்யுங்கள், தேடுபொறியில் தேடாதீர்கள். அப்படித் தேடுபவர்களைப் பிடிக்கவே போலிப் பக்கங்கள் காத்திருக்கின்றன. கருவியைச் செயல்படுத்தக் கட்டணம் என்று கேட்பார்கள், ஒரு போன் நம்பரும் கொடுப்பார்கள். சந்தாவுக்குத்தான் காசு, குறியீடு போட்டு டிவியை இணைப்பதற்கு யாராவது தனியாகக் காசு கேட்டால் அது மோசடி.

டேட்டா கணக்கு

ஃபைபரிலிருந்து மாறி வந்தவர்கள் அடிவாங்கும் இடம் இது. மனக்கணக்கு ரொம்ப எளிது: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. ஆக 5 எம்பிபிஎஸ் எச்டி படம் மணிக்கு இரண்டே கால் ஜிபி, 15 எம்பிபிஎஸ் 4கே படம் கிட்டத்தட்ட 7 ஜிபி. நெட்ஃப்ளிக்ஸும் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேவுக்கு 7 ஜிபி வரை என்றுதான் சொல்கிறது. தினமும் நாலு மணி நேரம் ஓடும் வீட்டில் எச்டி என்றால் மாதம் 360 ஜிபி வரை போகும், 4கே என்றால் 840. உங்கள் பிளானில் அளவில்லா டேட்டா என்று பெரிதாக எழுதியிருந்தாலும், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

அளவு குறைவு என்றால் ஆப்பிலேயே தரத்தைக் குறைக்கலாம். நெட்ஃப்ளிக்ஸ் கணக்கின் அமைப்புகளில் நடுத்தரத்தைத் தேர்ந்தால் மணிக்கு 0.7 ஜிபி, குறைந்ததைத் தேர்ந்தால் 0.3 ஜிபி வரை என்று ஆகிவிடும். சின்னத் திரையில் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு இதுவே தாராளம். பெரிய டிவிக்கும் 4கே எல்லோருக்கும் தேவை என்று நான் நினைக்கவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் 43 அங்குல டிவியில் நல்ல 1080பி படத்துக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.

தெரியாமல் டேட்டா குடிப்பவை வேறு சில. ரிமோட்டால் டிவியை மட்டும் அணைத்தால், சுவர் பிளக்கில் தனி மின்சாரம் எடுக்கும் ஸ்டிக் தன்பாட்டுக்குத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் ஆப்பை விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் டிவியை அணையுங்கள். அடுத்த பாகம் தானாகத் தொடங்குவதை அமைப்புகளில் நிறுத்தி வையுங்கள். கேம் கன்சோலின் அப்டேட் ஒன்றே பல பத்து ஜிபி இருக்கும். நாள் முழுக்க வீடியோவை மேலே அனுப்பும் பாதுகாப்பு கேமராவும் இந்தப் பட்டியலில் உண்டு.

இடம் தவறாகக் காட்டினால்

ஃபைபரில் அவ்வளவாக வராத, இந்த இணைப்புக்கே உரிய தொல்லை இது. நீங்கள் வேறு ஊரில் இருப்பதாக ஒரு சேவை சொல்லும், அல்லது உங்கள் பகுதிச் சேனல்களுக்குப் பதில் எங்கோ உள்ள சேனல்களைக் காட்டும். உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை வைத்துத்தான் அவர்கள் இடத்தைக் கணிக்கிறார்கள். செல்போன் வலையமைப்பிலோ ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும், அந்த முகவரி பதிவாகியிருப்பது வேறொரு நகரமாக இருக்கலாம், அது அடிக்கடி மாறவும் செய்யும்.

படம், தொடர் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் இடைஞ்சல் செய்யாது. நேரலை சேனல்கள், பகுதிவாரி உரிமை உள்ள விளையாட்டு பார்ப்பவர்களுக்குத்தான் சிக்கல். பெட்டியை அணைத்துச் சில நிமிஷம் கழித்துப் போட்டால் வேறு முகவரி கிடைத்து சரியாகலாம். அதே சேவையின் போன் ஆப்பில் இருப்பிட அனுமதி கொடுத்து, வீட்டு வைஃபையில் இருந்தபடி ஒருமுறை திறப்பதும் சில சேவைகளில் பலிக்கும். விபிஎன் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், சேவைகள் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கின்றன. நெட்ஃப்ளிக்ஸ் ஒரு கணக்கை ஒரு வீட்டுக்கு என்று கட்டுகிறது, அதற்கு ஐபி முகவரியையும் கருவிகளின் அடையாளத்தையும் பார்க்கிறது. இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். டிவியிலேயே வரும் தேர்வை அழுத்தி, மெயிலுக்கோ போனுக்கோ வரும் இணைப்பைத் திறந்து வீட்டைப் புதுப்பித்துவிடலாம். நேரலை டிவிக்காகவே சந்தா கட்டப்போகிறீர்கள் என்றால், வயர்லெஸ் வீட்டு இணையத்தை ஏற்கிறார்களா என்று கட்டும் முன் கேட்டுவிடுங்கள். ஏற்காதவர்களும் உண்டு.

வட்டம் சுற்ற ஆரம்பித்தால்

போனை எடுத்து மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் வையுங்கள். பெட்டிக்கு ஓரடி பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் நின்று அதையே செய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் 60, டிவிக்குப் பக்கத்தில் 6 என்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். இரண்டு இடத்திலும் 6 என்றால் டவர் பக்கம். இரண்டு இடத்திலும் 60 வந்தும் படம் நிற்கிறது என்றால் டிவி, ஸ்டிக் அல்லது அந்த ஆப். இன்னொரு ஆப்பில் வேறு படம் போட்டுப் பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும். ஒரு ஆப் மட்டும் தகராறு செய்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

சோதிக்க ஃபாஸ்ட்.காம் பயன்படுத்துங்கள். அதை நடத்துவது நெட்ஃப்ளிக்ஸ், படம் வரும் அதே சர்வர்களிலிருந்துதான் அது அளக்கிறது. கூடவே வேறொரு ஸ்பீடு டெஸ்டும் ஓட்டுங்கள். இன்னொன்றில் 80 காட்டி, ஃபாஸ்ட்.காமில் ஒவ்வொரு முறையும் 2 அல்லது 3 மட்டுமே வந்தால், உங்கள் பிளானில் வீடியோவுக்கென்று தனியாக வேகத்தைக் கட்டிப்போட்டிருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட பிளானில் நீங்கள் என்ன செய்தாலும் படம் 1080பி தரத்துக்கு ஏறுவது கடினம், பெட்டியை இடம் மாற்றுவதில் பயனில்லை.

டவர் பக்கம் என்று தெரிந்தால் நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் நன்றாக இருந்து ராத்திரி 8 மணிக்கு மேல் சரிகிறது என்றால் அது நெரிசல். ஒரே டவரை அந்தப் பகுதியின் எல்லாப் போன்களும் வீடுகளும் பங்கு போடுகின்றன, கூட்டம் சேரும்போது வீட்டு இணையத்தைப் பின்வரிசைக்குத் தள்ளும் நிறுவனங்களும் உண்டு. இதற்கு உங்கள் கையில் முழுத் தீர்வு இல்லை. தரத்தை 1080பியில் நிறுத்தி வைக்கலாம், கன்சோல் அப்டேட்டையும் போன் பேக்கப்பையும் நடுராத்திரிக்குத் தள்ளலாம், ராத்திரி பார்க்கப் போகும் படத்தைக் காலையிலேயே டேப்லெட்டில் இறக்கி வைக்கலாம்.

பல நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கின்றன. அந்தக் கெடு எத்தனை நாள் என்று முதல் நாளே குறித்துக்கொண்டு, அதற்குள் வரும் ஒரு விடுமுறை நாள் ராத்திரியில் வீட்டில் உள்ள எல்லாத் திரைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பெட்டியை நாலு ஜன்னலிலும் வைத்து, டிவிக்குக் கேபிளும் போட்டு, அப்போதும் நின்று நின்றுதான் ஓடுகிறது என்றால், கெடு முடியும் முன் பெட்டியை எல்லாப் பாகங்களோடும் அடைத்துத் திருப்பிக் கொடுத்து ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள்.